தவிடும் புல்லும் தாராளமாகக் கொடுத்தும் குதிரை நொண்டுகிறது: என்ன செய்யலாம்?

கோப்பாய்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கனடாவில் இருக்கும் தமையனின் உதவியோடு, ஒரு வருடத்துக்கு முன் நுவரெலியாவிலிருந்து ஒரு பெட்டைக்குதிரையை லொறியில் கொண்டுவந்திருக்கிறார். அங்கே சுற்றுலாப் பயணிகளை ஏற்றித் திரிந்த குதிரை. எட்டு வயது என்று விற்றவர் சொன்னாராம். பழைய மாட்டுக் கொட்டில்தான் அதற்கு லாயம். காலையில் இரண்டு கிலோ, மாலையில் இரண்டு கிலோ நெல்லுத் தவிடு, கொஞ்சம் தேங்காய்ப் பிண்ணாக்கு, தோட்டத்தில் வளர்த்த சீஓ-3 என்ற மாட்டுத்தீன் புல், ஆடுகளுக்கு வெட்டும் குழையில் ஒரு கட்டு. விலை பார்க்காமல் கொடுத்திருக்கிறார். ஆனால் நாலைந்து மாதமாகக் குதிரை மெலிகிறது. ஒரு நாள் முன்னங்காலை நொண்டுகிறது, மறுவாரம் பின்னங்காலை. முகத்தின் இரு பக்கமும் கண்ணுக்குக் கீழே புடைத்திருக்கிறது. வால் மயிர் கொட்டுகிறது. வீட்டில் பெரியவர்கள் நாவூறு என்று கழித்தும் பார்த்துவிட்டார்கள். ரத்தம் எடுத்துச் சோதித்ததில் கல்சியம் சரியாக இருக்கிறது என்று அறிக்கை வந்திருக்கிறது. சவாரி மாடு வளர்த்து அனுபவப்பட்ட மாமா, லாடம் அடித்தால் நொண்டல் போய்விடும் என்கிறார். பன்னிரண்டு வயது மகளுக்கு எப்போது ஏறப் பழக்கலாம், துணைக்கு நெடுந்தீவிலிருந்து ஒரு குதிரை கொண்டுவரலாமா, அல்லது இதை விற்றுவிடுவதுதான் நல்லதா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குதிரை பட்டினியால் மெலியவில்லை, கவனிப்பில்லாமலும் மெலியவில்லை. மாட்டுக்குக் கொடுக்கவேண்டியதைக் குதிரைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் மாடு வளர்க்கத் தெரிந்த வீடுகள் ஏராளம், குதிரை வளர்த்த வீடுகள் மிகக் குறைவு. ஆகவே தெரிந்த கைமருந்தும் தெரிந்த தீனும் குதிரைக்குப் போகின்றன. கடிதத்தை வைத்து நோயை அறுதியிட்டுச் சொல்ல முடியாது. குதிரையை ஒரு வைத்தியர் தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ஆனாலும் நீங்கள் எழுதியவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் எலும்பிலிருந்து கல்சியம் எடுபட்டுப்போகும் ஒரு நோயின்மேல் எனக்குப் பலத்த சந்தேகம் வருகிறது. இன்றைக்கே நிறுத்தவேண்டியவையும் சில இருக்கின்றன.

முகப் புடைப்பும் கால் மாறிய நொண்டலும்

நெல்லுத் தவிட்டில் கல்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் பொசுபரசு இருக்கிறது. குதிரையின் மொத்தத் தீனில் கல்சியம் பொசுபரசை விடக் குறையவே கூடாது. ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. நீங்கள் தினமும் நாலு கிலோ தவிடு வைக்கிறீர்கள். அதோடு சீஓ-3 போன்ற நேப்பியர் இனப் புல்லில் ஒட்சலேற்று என்ற பொருள் உண்டு. அது புல்லில் இருக்கும் கொஞ்சக் கல்சியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அந்த ஒட்சலேற்றை உடைத்துவிடுவதால் மாடு அதே புல்லில் கொழுக்கிறது. குதிரைக்கு அப்படி ஓர் இரைப்பை கிடையாது. புல் புளித்துச் செரிப்பது பின்குடலில். கல்சியம் உறிஞ்சப்படுவதோ அதற்கு முன்னால், சிறுகுடலில். அங்கே வரும்போது கல்சியம் ஏற்கெனவே கட்டுப்பட்டிருக்கும்.

உடம்பு சும்மா இருக்காது. ரத்தத்தில் கல்சியம் குறையத் தொடங்கியதும் கழுத்திலுள்ள பரதைரொயிட் சுரப்பி எலும்பிலிருந்து கல்சியத்தை எடுத்து ரத்தத்துக்கு அனுப்பும். அதனால்தான் உங்கள் ரத்த அறிக்கை சரியாக வந்திருக்கிறது. அந்த அறிக்கையைப் பார்த்து நிம்மதியடையாதீர்கள். ரத்தக் கணக்கு சரியாக இருப்பதற்கு எலும்பு விலை கொடுத்துக்கொண்டிருக்கலாம். எடுபட்ட இடத்தில் நார்த்திசு நிரம்புவதால் முகத்து எலும்பு தடித்துப் புடைக்கும். மூட்டுகளைச் சுற்றிய எலும்பு பலவீனப்பட்டு, இன்று ஒரு கால் நாளை ஒரு கால் என்று நோகும். முற்றினால் பல் ஆடும், மூக்குத் துவாரம் நெருங்கி மூச்சுச் சத்தம் கேட்கும். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் மாவு ஆலைக்காரர்களின் குதிரைகளுக்கு இந்த நோய் அதிகம் வந்தது. ஆலையில் தவிடு மலிவாகக் கிடைத்ததுதான் காரணம்.

நீங்களே இன்று ஒன்று செய்து பாருங்கள். குதிரையின் பக்கவாட்டில் நின்று, கண்ணுக்குக் கீழே ஓடும் எலும்பு வரம்பை விரலால் மூக்குப் பக்கம் தடவிக்கொண்டு போங்கள். நல்ல குதிரைக்கு அந்த விளிம்பு கூராக விரலில் தட்டுப்படும். இந்த நோயில் அது மழுங்கி, இரு பக்கமும் ஒரேமாதிரி உருண்டு, கெட்டியாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் வீங்கி, அந்தப் பக்க மூக்கால் நாற்றமடிக்கும் சளி வந்தால் பல்வேரில் சீழ் இருக்கலாம். தாடைக்குக் கீழே வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அது தொற்றுநோயாக இருக்கலாம். அப்போது வேறு குதிரைகள் பக்கத்தில் வரக்கூடாது. எதுவென்றாலும் பார்த்ததை எழுதிவைத்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இது எலும்பு நோய்தான் என்று உறுதியானால், நேரத்தோடு பிடித்த குதிரைகள் தேறுகின்றன. தவிட்டை ஒரு வாரத்துக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். தீன் எதையுமே ஒரே நாளில் மாற்றக்கூடாது. பின்குடல் அதைத் தாங்காது. கல்சியம் காபனேற்றுத் தூளும் டைகல்சியம் பொசுபேற்றும் கலந்து மாதக்கணக்கில் கொடுக்கவேண்டி வரும். அளவை வைத்தியர்தான் எடைக்கேற்பச் சொல்லவேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள், வாயும் தொண்டையும் வெந்துவிடும். நம் கிணற்றுத் தண்ணீரிலேயே சுண்ணாம்பு இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். உண்மை, கேத்தலில் படிகிறதைப் பார்க்கிறோம். ஆனால் ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீரிலிருந்து கிடைப்பது தேவையில் ஒரு பங்குதான்; நாலு கிலோ தவிட்டை அதனால் சமன்செய்ய முடியாது.

நொண்டல் சில வாரங்களில் குறையலாம். எலும்பு பழையபடி உரமேற ஆறு மாதமாவது ஆகும். முகப் புடைப்பு முழுதாகப் போகாமலும் இருக்கலாம். இந்த ஆறு மாதமும் யாரும் ஏறக்கூடாது. பலவீனப்பட்ட எலும்பு ஓட்டத்தில் முறிந்தால் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

அப்போ என்னதான் கொடுப்பது?

நீங்கள் பூச்சி மருந்து அளவுக்காக அனுப்பிய நாடா அளவுகள் நன்றாக உதவின. மார்புச் சுற்றளவு 155 சென்ரிமீற்றர், தோள்முனையிலிருந்து பின்தொடை முனைவரை 140. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 283 கிலோ வருகிறது. இப்படிப்பட்ட ஒரு குதிரைக்கு நாளுக்கு நாலரை முதல் ஐந்தரை கிலோ உலர்ந்த புல் வேண்டும். பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், பச்சையாகக் கொடுத்தால் இருபது முதல் இருபத்தைந்து கிலோவுக்கு மேலே போகும். நீங்கள் இப்போது போடும் புல் இதில் பாதிகூட வராது என்று நினைக்கிறேன்.

குதிரையின் இரைப்பை சிறியது. அமிலம் இடைவிடாமல் சுரக்கும். விட்டுவைத்தால் நாளில் பதினாறு மணித்தியாலம் மேய்ந்துகொண்டே இருக்கும் மிருகம் அது. காலை ஒருமுறை மாலை ஒருமுறை என்று வயிற்றை நிரப்பிவிட்டு நடுவில் வெறும் வயிற்றோடு நிறுத்தினால் இரைப்பையில் புண் வரும், கொட்டில் மரத்தைக் கடிக்கும். நாலைந்து தடவையாகப் பிரித்துப் போடுங்கள். இரவுக்கு ஒரு பங்கு கட்டாயம் இருக்கட்டும்.

அறுகம்புல் நல்ல புல். எவ்வளவு கிடைத்தாலும் விடாதீர்கள். சீஓ-3ஐ முழுதாக நிறுத்த முடியாவிட்டால் பாதிக்குக் கீழே கொண்டுவாருங்கள். கச்சான், பயறு, உழுந்து அறுவடைக்குப் பின் கிடைக்கும் கொடிகளில் கல்சியம் நன்றாக இருக்கிறது. வெயிலில் நன்றாக உலர்த்தி, பூஞ்சணம் பிடிக்காமல் சேர்த்துவைத்தால் மாரிக்கும் உதவும். பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்குக்கூடப் போடாதீர்கள். தானியம் வேண்டுமென்றால் குரக்கன் கொஞ்சம் கொடுக்கலாம். அதில் கல்சியம் பொசுபரசை விடக் கூடுதல். அவித்த கொள்ளும் நல்லது. இரண்டும் சேர்த்து ஒரு கிலோவுக்கு மேல் இப்போது வேண்டாம், வேலை செய்யாத குதிரைக்குத் தானியம் அதிகம் தேவையில்லை. வைக்கோல் வாய்க்கு வேலை கொடுக்கும், சத்துக் கொடுக்காது. யூரியா தெளித்த வைக்கோல் குதிரைக்கு ஆகாது.

வாயில் படக்கூடாதவை

வால் மயிர் கொட்டுவதற்குக் காரணம் அந்தக் குழைக்கட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆட்டுக்கு வெட்டுவதில் ‘இப்பில் இப்பில்’ என்ற மரத்தின் குழையும் கலந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதிலுள்ள மிமோசின் என்ற நச்சு குதிரைக்குப் பிடரி மயிரையும் வால் மயிரையும் உதிர்க்கும். நிறுத்தினால் மயிர் திரும்ப வளரும். மகளுக்கு இதைச் சொல்லுங்கள், கவலைப்படுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். கிளிரிசீடியா என்கிற சீமைக்கிளுவையும் ஆடு மாட்டுக்கு நல்ல குழை, குதிரைக்கு நஞ்சு. உங்கள் வேலிக் கதியால்களில் அது இருந்தால் குதிரை எட்டாதபடி உள்பக்கம் ஒரு தடுப்புப் போடுங்கள். அலரி, மஞ்சள் அலரி இரண்டும் வளவில் இருக்கவே கூடாது. ஒரு கைப்பிடி இலையே உயிரை எடுக்கப் போதும், வெட்டிப்போட்டுக் காய்ந்த இலையும் அப்படித்தான்.

இன்னும் பெரிய ஆபத்து பையில் வரும் தீன். கோழித்தீனிலும் சில மாட்டுத்தீனிலும் மொனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் கலந்திருக்கும். கோழிக்கு அது பாதுகாப்பு, குதிரைக்கு இதயத்தசையைச் சிதைக்கும் விஷம். இதற்கு மாற்று மருந்து கிடையாது. கோழித்தீன் வைக்கும் அதே வாளியில் குதிரைக்கு அள்ளாதீர்கள். அதேபோல, மாட்டு உண்ணிக்கு அடிக்கும் அமிட்ராஸ் குதிரையின் குடலை அசையாமல் நிறுத்திவிடும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து ஊசியும் வேண்டாம். குதிரைக்கென்று வாயில் கொடுக்கும் பசை இருக்கிறது.

கொட்டில், தண்ணீர், வெயில்

நுவரெலியாக் குளிரில் இருந்த குதிரைக்கு நம் சித்திரை வெயில் பெரிய சோதனை. நாளுக்கு இருபது முதல் முப்பது லீற்றர் தண்ணீர், வெயில் நாளில் அதற்கும் மேலே. கிணறு உவர்ப்பாக இருந்தால் குதிரை குறைவாகக் குடிக்கும். குறைவாகக் குடித்தால் குடலில் சாணம் இறுகும். வாளியை அளந்து வையுங்கள், எவ்வளவு குடிக்கிறது என்று தெரியவேண்டும். வேலை செய்யும் நாளில் இரண்டு மேசைக்கரண்டி உப்பைத் தீனில் கலக்கலாம்.

உடல் சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் சன்னி பிடிக்கும் என்று மாமா சொல்கிறார். குதிரைக்கு அது பொருந்தாது. ஓடி வந்து இரைக்கும் குதிரைக்கு, கழுத்திலும் நெஞ்சிலும் தொடைகளின் உட்பக்கத்திலும் குளிர்ந்த தண்ணீரை விடாமல் ஊற்றுவதுதான் சரியான வைத்தியம். வெயிலில் குதிரை இரைத்துக்கொண்டு, மயிர் மட்டும் காய்ந்து கிடந்தால் உடனே கூப்பிடுங்கள். வியர்க்கும் சக்தியை இழந்த குதிரை வெப்பத்தில் விழுந்துவிடும்.

மணல் தரையில் தீன் போடுகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள். மணல் குடலில் சேர்ந்து வயிற்றுவலி வரும். சந்தேகம் இருந்தால் புதிதாகப் போட்ட லத்தி உருண்டைகளில் தரையில் படாத நாலைந்தை எடுத்து, தெளிவான பிளாஸ்ரிக் போத்தலில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கி, கால்மணித்தியாலம் விடுங்கள். அடியில் மணல் படியும். படிந்த அளவைப் படமெடுத்து வைத்தியருக்குக் காட்டுங்கள்.

முட்கம்பி வேலி குதிரைக்கு வேண்டாம். பயந்தால் அது முன்னே பார்க்காமல் பாயும். ஒரு கீறலே போதும், ஏற்பு நோய் மாட்டை விடக் குதிரைக்குப் பலமடங்கு எளிதாக வரும். ஏற்புத் தடுப்பூசி போட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அதை முதல் வேலையாகச் செய்யுங்கள். கொட்டிலில் வேலை செய்கிற நீங்களும் பிள்ளையும் ஏற்புத் தடுப்பூசி சரியாகப் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். தெருநாய்கள் அதிகமுள்ள இடம் என்பதால் விசர் நாய்க்கடி நோய்க்கான ஊசி பற்றியும் கேளுங்கள். லத்திக் குவியலை மூடிவையுங்கள். இலையான் பெருகினால் அயலவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போவார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கும். உக்கிய பிறகு வெங்காயத் தோட்டத்துக்கு அது நல்ல பசளை.

லாடம் பற்றி

மாமாவின் அனுபவத்தை மதிக்கிறேன். சவாரித் திடலில் ஓடும் மாட்டின் காலைப் பார்த்தே குறை சொல்லக்கூடியவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். ஆனால் மாட்டுக்குளம்பு பிளந்தது, குதிரைக்குளம்பு ஒன்று. ஆணி எந்த இடத்தில், எந்தச் சாய்வில் போகலாம் என்பது முற்றிலும் வேறு. தவறினால் உயிர்த்தசையில் இறங்கிச் சீழ் கட்டும். நொண்டலுக்குக் காரணம் எலும்பு என்றால் லாடம் அதைத் தீர்க்காது. மண்ணிலும் மணலிலும் நடக்கும் குதிரைக்கு லாடமே தேவையில்லை. ஆனால் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவிச் சமன்செய்யவேண்டும். ஒரு வருடமாக அது நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நுவரெலியாவிலோ கொழும்பிலோ குதிரைக்குளம்பு சீவுபவரை வரவழையுங்கள். செலவுதான், அவர் வரும் நாளில் நீங்களும் பக்கத்தில் நின்று பழகிக்கொள்ளுங்கள். குளம்பின் அடிப்பள்ளத்தைத் தினமும் கொக்கியால் சுரண்டித் துப்புரவாக்குவதை மகளே செய்யலாம்.

யார் ஏறலாம்?

இது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். குதிரை சுமக்கக்கூடியது, சேணத்தையும் சேர்த்து, அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. 283 கிலோவுக்கு அது 56 கிலோ. மெலிந்திருக்கும் இப்போது அதுவும் அதிகம். நீங்கள் 82 கிலோ. குதிரை தேறிய பிறகும் நீங்கள் அதில் ஏறக்கூடாது, தம்பி. இது சட்டத்திலும் சின்ன விஷயமில்லை. மிருகத்தின் மேல் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவது 1907இன் மிருகவதைத் தடைச் சட்டத்தின் கீழ் குற்றம்.

மகள் 38 கிலோ. அவளுக்குப் பொருத்தமான குதிரைதான். இந்த ஆறு மாதத்தில் அவள் உடம்பு தேய்க்கவும், குளம்பு பார்க்கவும், கயிற்றில் நடத்திக்கொண்டு போகவும் பழகட்டும். தரையில் பழகாத பிள்ளையைச் சேணத்தில் ஏற்றவே கூடாது. ஏறும் நாள் வரும்போது குதிரையேற்றத்துக்கென்ற தலைக்கவசமும், சின்னக் குதி வைத்த சப்பாத்தும் வேண்டும். தட்டையான செருப்போடு ஏறினால் பாதம் அங்கவடிக்குள், அதாவது சேணத்தில் தொங்கும் கால்வளையத்துக்குள், புகுந்து மாட்டிக்கொள்ளும். விழும்போது குதிரை இழுத்துக்கொண்டு ஓடும்.

நெடுந்தீவுக் குதிரை

தனியாக நிற்கும் குதிரை நிம்மதியாக இருக்காது என்று நீங்கள் கவனித்தது சரி. ஆனால் நெடுந்தீவு அதற்கு வழியில்லை. போர்த்துக்கேயர் விட்டுச்சென்று, ஒல்லாந்தர் பண்ணை வைத்துப் பெருக்கிய குதிரைகளின் வழிவந்தவை அவை. தலைமுறை தலைமுறையாக மனிதக் கை படாமல் கூட்டமாக வாழ்கின்றன. அவற்றைத் தீவுக்கு வெளியே கொண்டுவருவது தடைசெய்யப்பட்டது; தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. குறிகட்டுவானுக்குப் படகில் ஏற்றிவிடலாம் என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். வறட்சியில் தண்ணீரில்லாமல் சாகிறதே, ஒன்றையாவது காப்பாற்றலாமே என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனது புரிகிறது. அங்கே தண்ணீர்த் தொட்டி நிரப்ப உதவுங்கள், அது கூட்டம் முழுவதையும் காப்பாற்றும். கூட்டத்திலிருந்து பிரித்துக் கோப்பாய்க் கொட்டிலில் கட்டினால் அந்த ஒன்றும் தப்புவது சந்தேகம். உங்கள் குதிரைக்கு இப்போதைக்கு இரண்டு ஆடுகளைத் துணைக்கு விடுங்கள். பல குதிரைகள் ஆட்டோடு ஒட்டிக்கொள்கின்றன. குழையை மட்டும் தனியே வைத்துக் கொடுங்கள்.

வைத்திருப்பதா, விற்பதா?

இப்போது விற்காதீர்கள். நொண்டும் குதிரையை வாங்குபவர் பெரும்பாலும் அதை உடனே வேலைக்கு விடுபவராகத்தான் இருப்பார். நோயை மறைத்து விற்றால் அது பிறகு உங்கள்மேல் வழக்காகவும் வரலாம். ஆறு மாதம் தீனைச் சரிசெய்து பாருங்கள். அதற்குள் உங்களால் மூன்று விஷயங்களுக்கு ஒழுங்கு செய்ய முடிகிறதா என்று பாருங்கள்: வருடம் முழுவதும் நல்ல புல், குளம்பு சீவ வரும் ஆள், வயிற்றுவலி வந்தால் இரவிலும் தொலைபேசியில் பேசக்கூடிய வைத்தியர். மூன்றும் அமைந்தால் வைத்திருங்கள். அமையாவிட்டால், தேறிய குதிரையாக, எல்லா மருத்துவக் குறிப்புகளோடும், குளிர்ந்த ஊரில் நல்ல கொட்டில் உள்ள ஒருவரிடம் கொடுங்கள். அது தோல்வியில்லை.

வயிற்றுவலி என்றேன், அதன் அடையாளங்களைக் கொட்டில் கதவில் ஒட்டிவையுங்கள்: தீனைத் தொடாது, முன்காலால் தரையைப் பறிக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்துப் புரளும், லத்தி போடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, ஆகவே வாயால் எண்ணெயோ கசாயமோ புகட்டக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். தீனை எடுத்துவிட்டு, காதுக்குப் பின்னாலல்ல, தாடை எலும்பின் உள்விளிம்பில் நாடியை விரல் வைத்து எண்ணுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இயல்பு. 60ஐத் தாண்டினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், அந்த நேரமே கூப்பிடுங்கள். இன்றிலிருந்து ஒரு வாரம் காலையில் நாடி, மூச்சு, உடல் சூடு மூன்றையும் குறித்துவாருங்கள். உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு முதலில் அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். எக்ஸ்ரேயோ மேல் சோதனையோ தேவைப்பட்டால் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு அவர்களே கடிதம் தருவார்கள். குதிரையை லொறியில் ஏற்றவேண்டியதில்லை. முதலில் படங்களையும் குறிப்பையும் அனுப்பிக் கேட்கலாம்.